நிலமா, புரயிடமா? எல்லை தாண்டிக் குடிவந்தவருக்கு

கேட்டவர் பொள்ளாச்சிக்காரர். கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பதினான்கு சென்ட் இடத்தோடு வாங்கிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்ட வேண்டும், கரண்ட் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சாதிச் சான்று வேண்டும். எந்த ஆபீசுக்குப் போனாலும் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். "தமிழன் என்பதால் இழுத்தடிக்கிறார்களா? மலையாளம் தெரியாமல் இங்கே எப்படிக் காலம் தள்ளுவது?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் உடுமலைப்பேட்டையில் பிறந்தவன். 1998-இல் கல்யாணமாகி, கொழிஞ்சாம்பாறை இருக்கும் இதே சித்தூர் தாலுகாவுக்கு வந்தேன். பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் பதினொரு வருஷம் உதவிக்கு இருந்தேன். இப்போது தனியாக உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். இத்தனை வருஷத்தில் தமிழன் என்பதற்காகவே என் காகிதத்தை ஒதுக்கி வைத்தவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'பாண்டி' என்று இளக்காரமாகச் சொன்னவர்கள் அதைவிடக் கொஞ்சம் அதிகம். காதில் விழுந்தால் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனாலும் கவுண்டரிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தடவைகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் கோளாறு என் கையிலிருந்த தாளில்தான் இருந்தது.

துபாய்க்கோ மலேசியாவுக்கோ போகிறவர் உஷாராக இருக்கிறார். புரியாத ஒரு தாளை நாலு பேரிடம் காட்டி, விசாரித்து, அப்புறம்தான் கையெழுத்துப் போடுகிறார். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி வருகிற நமக்கு அந்த உஷார் வருவதில்லை. அதே பனைமரம், அதே கரிசல் மண், டீக்கடையில் அதே தமிழ். கவுண்டருக்கு அந்தப் பக்கம் பேசுகிற மலையாளமும் பாதி புரிகிறது. அந்தப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும். சுத்தமாகப் புரியாத சொல்லை நாம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். புரிந்த மாதிரி இருக்கும் சொல்லை யார் கேட்கப் போகிறார்கள்?

நான் வந்த முதல் மாதம் ஒரு வில்லேஜ் ஆபீசுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "இந்நு அவதியாணு" என்றார். நான் பதறிப்போய், "யாருக்குங்க என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இங்கே அவதி என்றால் விடுமுறை.

அதற்குப் பிறகு ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். 'பிழ' என்றால் அபராதம். "பிழ அடைக்கணம்" என்று ஒருவர் சொன்னால், உங்கள் தாளில் ஏதோ பிழை இருக்கிறது என்று திருத்த ஓடாதீர்கள், அபராதம் கட்டச் சொல்கிறார். 'அடைக்க' என்றால் பணம் கட்ட. 'கரம்' என்றால் வரி. 'காலாவதி' என்றால் செல்லுபடியாகும் காலம். ஒரு சான்றிதழில் காலாவதி ஒரு வருஷம் என்று போட்டிருந்ததைப் பார்த்து, முடிந்துபோன சான்றைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு அம்மா என்னிடம் அழுதிருக்கிறார். 'அவகாசம்' என்றால் உரிமை. வாரிசுகளுக்கு 'அனந்தராவகாசிகள்' என்று பெயர், தகவல் உரிமைச் சட்டத்துக்கு 'விவராவகாச நியமம்'. "ஒரு வாரம் அவகாசம் தாங்க சார்" என்று நாம் கேட்டால், எதற்கு உரிமை கேட்கிறான் இவன் என்றுதான் எதிரில் இருப்பவர் யோசிப்பார். 'ஆதாரம்' என்றால் கிரயப் பத்திரம். "ஆதாரம் கொண்டுவந்தோ?" என்றதும் ஆதார் அட்டையை எடுத்து நீட்டாத தமிழரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய தடுமாற்றம். ஒரு சொல் மட்டும் அப்படியில்லை. நீங்கள் கட்டடம் கட்டப் போகிறவர், அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் பத்திரத்தை எடுத்துச் சொத்து விவரம் எழுதிய பக்கத்தைப் பாருங்கள். சர்வே எண், பரப்பு, நாலு எல்லை எல்லாம் இருக்கும். பரப்பு ஆர் கணக்கில் இருக்கும். ஒரு ஆர் கிட்டத்தட்ட 2.47 சென்ட். அதன் பக்கத்தில் இடம் எந்த வகை என்று ஒரு சொல் இருக்கும். அது 'புரயிடம்' (வீட்டு மனை) அல்லது 'தோட்டம்' என்று இருந்தால் நிம்மதியாகக் காப்பி குடியுங்கள். 'நிலம்' என்று இருந்தால் காப்பியைக் கீழே வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

நமக்கு நிலம் என்றால் எல்லா மண்ணும் நிலம்தான். கேரள வருவாய்த் துறைக்கு நிலம் என்றால் நெல் வயல், நம் கணக்கில் நன்செய். இந்தப் பதிவு பி.டி.ஆர். என்று எல்லாரும் சொல்லும் அடிப்படை வரிப் பதிவேட்டில் இருக்கிறது. 2008-இல் வந்த நெல் வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் 'டேட்டா பேங்க்' என்று ஒரு பட்டியல் தயார் செய்தார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் சர்வே எண் இருந்தால், அங்கே இன்றைக்குத் தென்னை நின்றாலும் சரி, வெறும் கட்டாந்தரையாகக் கிடந்தாலும் சரி, சட்டத்தின் கண்ணில் அது வயல். பஞ்சாயத்தில் கட்டட அனுமதி சுலபத்தில் கிடைக்காது.

என் மச்சான் இப்படித்தான் மாட்டினார். 2011-இல் எட்டு சென்ட் வாங்கினார். புரோக்கர் இடத்தைக் காட்டினபோது காய்த்த தென்னை ஏழு நின்றது. பத்திரத்தை வாசித்துக் காட்டினவர் அந்தச் சொல் வந்ததும் நிறுத்தி, "சேட்டா, இது நிலமாணு கேட்டோ" என்று எச்சரித்தாராம். மச்சான் சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, நிலம்தானே வாங்க வந்திருக்கோம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த மனுஷன் தன் கடமையைச் செய்துவிட்டார். இவரும் தனக்குப் புரிந்ததுக்குப் பதில் சொல்லிவிட்டார். பொய் சொன்னவர் என்று அங்கே யாரையும் காட்ட முடியாது. அஸ்திவாரம் தோண்டக் கல் இறக்கிய பிறகு, பஞ்சாயத்திலிருந்து அனுமதி மறுத்த தாள் வந்தது. அந்தக் கல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது, மேலே பாகற்கொடி படர்ந்திருக்கிறது.

வெளியே வர வழி உண்டு, ஆனால் நீளமான வழி. பட்டியலில் தப்பாகச் சேர்த்துவிட்டார்கள் என்றால், நீக்கச் சொல்லி ஐந்தாம் எண் படிவத்தில் ஆர்.டி.ஓ.வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஆர்.டி.ஓ. வண்டி ஆபீஸ் ஆர்.டி.ஓ. அல்ல, நம்மூர்க் கோட்டாட்சியர். கிருஷி பவனிலிருந்து வேளாண் அலுவலர் வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். 2008-இல் அந்த இடம் எப்படி இருந்தது என்று பழைய செயற்கைக்கோள் படத்தைத் தருவித்தும் பார்ப்பார்கள். பட்டியலில் இல்லை, ஆனால் பதிவேட்டில் மட்டும் நிலம் என்று இருக்கிறது என்றால், வகை மாற்ற ஆறாம் எண் படிவம். 1967 ஜூலை 4-க்கு முன்பே வயலாக இல்லாமல் போன இடம் என்று காட்ட முடிந்தால் அதற்கு ஒன்பதாம் எண் படிவம். உங்கள் இடத்தில் பழைய ஓட்டு வீடு இருக்கிறது என்கிறீர்கள். அந்த வீட்டின் பழைய வரி ரசீது ஒன்று பரணில் கிடைத்தால் அதைத் தங்கம் மாதிரிப் பத்திரப்படுத்துங்கள். பழைய உரிமையாளரிடம் தொடர்பு இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். காலம் போனால் மனிதர்களைத் தேடுவது காகிதத்தைத் தேடுவதைவிடக் கஷ்டம்.

சரி, இப்போது கரண்ட் இணைப்பு ஏன் மாறவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். "போக்குவரவு கழிஞ்ஞில்ல" என்று சொன்னார்கள், ரோட்டில் போக்குவரத்துக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், மன்னியுங்கள். போக்குவரவு என்றால் பட்டா மாறுதல், அது இன்னும் முடியவில்லை என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நம் மனதில் பட்டாதான் ராஜா. பத்திரம் பதிந்ததும் பட்டா மாற்ற அலைகிறோம். பட்டா வந்துவிட்டால் நிலவரி ரசீதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. இங்கே பட்டா என்ற காகிதத்தைத் தேடாதீர்கள். 'பட்டயம்' என்று ஒன்று உண்டு, அது அரசோ நிலத் தீர்ப்பாயமோ ஒருவருக்கு இடத்தைப் பதித்துக் கொடுத்த ஆவணம். எல்லா இடத்துக்கும் அது இருக்காது. மூணாறு, தேவிகுளம் பக்கம் பட்டயம் என்ற சொல்லுக்கு இருக்கிற சூடு தனி, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

கேரளத்தில் ராஜா யார் என்றால், அந்த வருஷத்துக் கரம் அடைத்த ரசீது. பத்திரம் பதிவான தகவல் வில்லேஜ் ஆபீசுக்குப் போகும். அங்கே போக்குவரவு செய்து உங்கள் பெயரில் ஒரு 'தண்டப்பேர்' எண் தருவார்கள். வரி தண்டுவது என்று நாம் சொல்வோமே, அதை நினைத்துக்கொண்டால் இந்தச் சொல் மறக்காது. தண்டப்பேர் விழுந்த பிறகு உங்கள் பெயரில் கரம் கட்டலாம். தொகை சின்னதாகத்தான் இருக்கும், பார்த்தால் இதற்கா இவ்வளவு என்று தோன்றும். அந்த ரசீதைக் காட்டினால்தான் 'கைவசாவகாச சர்ட்டிபிகேட்' கிடைக்கும், அதாவது இடம் உங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்ற சான்று. வங்கிக் கடன், கட்டட அனுமதி என்று எதை எடுத்தாலும் இந்த இரண்டும் கேட்பார்கள். வில்லங்கச் சான்றுக்கு இங்கே 'பாத்யதா சர்ட்டிபிகேட்' என்று பெயர், பழைய ஆட்கள் 'குடிக்கடம்' என்பார்கள்.

நீங்கள் பெரிய சர்வே எண்ணிலிருந்து ஒரு துண்டு வாங்கியிருந்தால் அதை அளந்து பிரித்துக் காட்ட சர்வேயர் வர வேண்டும். எட்டு மாதமாகப் போக்குவரவு நடக்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வில்லேஜ் ஆபீசில் போய், "போக்குவரவு எந்த நிலையில் இருக்கிறது, சர்வே ஸ்கெட்ச் வேண்டுமா?" என்று அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். கரண்ட், கல்லூரி, கட்டடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள்.

இடம் வில்லேஜ் ஆபீசில் மாறினால் வீடு தானாக மாறிவிடாது. வீடு பஞ்சாயத்துப் பதிவில் இருக்கிறது. அங்கே தனியாக விண்ணப்பித்துக் கட்டடத்தின் உடைமை மாற்ற வேண்டும். இப்போது அது கே-ஸ்மார்ட் என்ற இணையதளம் வழியாக. 2024 ஜனவரியில் நகராட்சிகளில் தொடங்கியது, 2025-இல் கிராம பஞ்சாயத்துகளுக்கும் வந்துவிட்டது. பஞ்சாயத்து தரும் உடைமைச் சான்றை எடுத்துக்கொண்டு மின்வாரியச் செக்‌ஷன் ஆபீசுக்குப் போங்கள், அப்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும். அறை சேர்த்துக் கட்டும்போது வரியும் இரண்டு இடத்தில் வரும். பஞ்சாயத்துக்கு வருஷா வருஷம் கட்டும் சொத்து வரி ஒன்று. வீட்டின் பரப்பு 100 சதுர மீட்டரைத் தாண்டினால் வருவாய்த் துறைக்கு ஒரே ஒரு தடவை கட்டும் கட்டட வரி இன்னொன்று. ஒன்றைக் கட்டிவிட்டு இன்னொன்றைக் கட்டியாகிவிட்டது என்று நினைத்துப் 'பிழ' அடைத்தவர்கள் நிறைய.

பழைய பத்திரம், அதாவது 'முன்னாதாரம்' கேட்பார்கள். சித்தூர் தாலுகா 1949 வரை கொச்சி ராஜ்ஜியத்தோடு சேர்ந்திருந்தது, பக்கத்திலேயே இருக்கும் பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. அதனால் இந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். 1098 மேடம் 12 என்று இருந்தால், அது எந்த அம்மணியின் பெயரும் இல்லை, சித்திரை மாதம். ஆண்டோடு 825 கூட்டினால் 1923. ஆவணியிலிருந்து மார்கழி நடு வரைக்கும் உள்ள தேதி என்றால் 824 கூட்ட வேண்டும். வங்கிக்காரர் கேட்கிற வருஷக் கணக்குக்கு இது போதும்.

அடுத்தது பெயர். உங்களுக்கு இது இன்னும் இடிக்கவில்லை, ஆனால் மகள் விண்ணப்பத்தில் கண்டிப்பாக இடிக்கும்.

என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது படிவத்தில் 'வீட்டுப்பேர்' என்று ஒரு கட்டம். நான் கதவு எண்ணை எழுதினேன். உள்ளே இருந்த அம்மா அதை அடித்துவிட்டு, "வீட்டுபேரு எந்தா?" என்றார்.

"பேரெல்லாம் இல்லீங்க. வாடகை வீடு."

"வீட்டுக்குப் பேரில்லாதே எங்ஙனெயா?"

பின்னால் வரிசையில் பதினைந்து பேர். என் மனைவி என்னை இடித்து, "எதையாவது சொல்லுங்க" என்றாள். வாசலில் நின்ற வேப்பமரம் ஞாபகம் வந்தது. "வேப்பமரத்து வீடு" என்றேன். அவர் 'வேப்பமரம்' என்று மலையாளத்தில் எழுதிக்கொண்டார். அந்த வாடகை வீட்டை விட்டு வந்து இருபது வருஷம் ஆகிறது, மரத்தையும் வெட்டிவிட்டார்களாம். ஆனால் மகளின் பள்ளிச் சான்றிலும் எங்கள் ரேஷன் கார்டிலும் நாங்கள் இன்றைக்கும் வேப்பமரம் குடும்பம். பாஸ்போர்ட் எடுக்கும்போது, இந்த வேப்பமரம் யார் என்று கேட்டார்கள்.

நமக்கு இனிஷியல் என்றால் அப்பா பெயர். இங்கே பலருக்கு இனிஷியலின் முதல் எழுத்து வீட்டுப் பெயர், அடுத்தது அப்பா பெயர். படிவத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னால் ஒவ்வொரு கிளார்க்கும் அவரவர் வழக்கப்படி விரித்துவிடுவார். ஒரே ஆள் மூன்று காகிதத்தில் மூன்று ஆளாக நிற்பார். அதற்கு மருந்து வில்லேஜ் ஆபீசில் இருக்கிறது. 'ஒன் அண்ட் சேம்' சான்று என்றே எல்லாரும் கேட்பார்கள், இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள் என்று எழுதித் தருவது. அட்சயா மையத்தில் விண்ணப்பிக்கலாம். என் யோசனை, முதலிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து வீட்டுக்கு ஒரு பெயரை முடிவு செய்துவிடுங்கள். இந்தப் பக்கம் களம் என்று முடிகிற வீட்டுப் பெயர்கள் நிறைய உண்டு, உங்களுக்குப் பிடித்ததை வையுங்கள். எந்த எழுத்தில், எந்த ஸ்பெல்லிங்கில் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு, எங்கே கேட்டாலும் அதையே கொடுங்கள்.

அட்சயா என்று சொன்னேன் அல்லவா, நம்மூர் இ-சேவை மையம் மாதிரி. 2002-இல் மலப்புரத்தில் கணினி சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தது, இப்போது பாதி கேரளம் அதன் வாசலில்தான் நிற்கிறது. எங்கள் பக்கத்து மையங்களில் பெரும்பாலும் தமிழ் பேசும் பெண்கள் இருப்பார்கள். அவர்களிடம் தமிழிலேயே பேசுங்கள். ஆனால் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் திரையில் உள்ள பெயர், சர்வே எண், தண்டப்பேர் மூன்றையும் நீங்களே ஒரு தடவை விரல் வைத்துப் பாருங்கள்.

மொழி விஷயத்தில் உங்களுக்கு இரண்டு ஆயுதம் இருக்கிறது. குறை தீர்க்கச் சொல்லும் மனுவை அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு சொல்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டமும் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு எழுதிக்கொள்ள இடம் தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் ஆபீசுகளுக்கும் அப்படி எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும். சட்டம் அப்படி. நான் ஒரு முறை பிடிவாதமாகத் தமிழில் ஒரு மனு கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்துப் போய் விசாரித்தால், மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் ஒரு கோப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பதில் கடைசியில் வந்தது, மலையாளத்தில்.

அதனால் நான் செய்வது இதுதான். அன்றாடச் சான்றுகளுக்கு மலையாளத்திலேயே கொடுத்து வேலையை முடிப்பேன். தகராறு, மேல்முறையீடு, ஒருவர் சொன்ன சொல்லே பின்னால் சாட்சியாக வேண்டிய இடம் என்றால் தமிழில் எழுதி, 350-ஆம் பிரிவை மேலே குறிப்பிட்டு, ஒப்புகை ரசீது வாங்குவேன். அங்கே என் மொழியில் ஒரு சொல் கூடக் குறைய அர்த்தமாகாது. உரிமையை விட்டுக் கொடுக்கிறேன் என்று என்னைத் திட்டுகிறவர்கள் உண்டு. திட்டட்டும், கூரை ஒழுகுகிறவனுக்கு முதலில் கூரை.

மலையாள எழுத்தைப் படிக்க மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பேசுவதைவிட அது சுலபம். பஸ் போர்டைப் பார்த்து எழுத்துக் கூட்டினால் ஒன்றரை மாதத்தில் வந்துவிடும். பேசும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. நம் 'நீங்க' அவர்கள் காதில் 'நிங்ஙள்' என்று விழும். கோழிக்கோடு பக்கத்துக்காரருக்கு அது மரியாதைதான். கோட்டயம், திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவருக்கோ தன்னை எடுத்தெறிந்து பேசுகிற மாதிரி இருக்கும். அதனால்தான் இங்கே ஆணோ பெண்ணோ எல்லாரையும் 'சாரே' என்று கூப்பிட்டுத் தப்பிக்கிறார்கள். இதே பாலக்காடு மாவட்டத்தில் மாத்தூர் கிராம பஞ்சாயத்து 2021-இல் சாரும் வேண்டாம், மேடமும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. மனுவில் 'அபேக்ஷிக்குந்நு', அதாவது வேண்டிக்கொள்கிறேன் என்று எழுதவும் தேவையில்லை, 'அவகாசப்படுந்நு' என்று எழுதலாம் என்றார்கள். உரிமையோடு கேட்கிறேன் என்று அர்த்தம். எனக்கு ரொம்பப் பிடித்த தீர்மானம். ஆனால் மாத்தூருக்கு வெளியே நான் இன்னும் சாரே போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சத்தம் போட்டால் வேலை நடக்கும் என்ற எண்ணத்தைச் செக்போஸ்ட்டிலேயே விட்டுவிடுங்கள். இங்கே ஊழியர் சங்கங்கள் பலமானவை, உங்கள் குரலுக்கு யாரும் அசைய மாட்டார்கள். வார்டு மெம்பரைப் பாருங்கள், அவரிடம் விஷயத்தைச் சொன்னால் பஞ்சாயத்தில் உங்களோடு வந்து நிற்பார். அப்புறம், "காப்பிக்கு" என்று எதையும் மடித்து நீட்டாதீர்கள். வாங்குகிறவர்கள் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் வாங்காதவரிடம் நீட்டிவிட்டால் அந்த ஆபீசில் உங்கள் கதை முடிந்தது. யாராவது கேட்டால் விஜிலென்ஸ் எண் 1064. சேவை உரிமைச் சட்டம் என்று 2012-இல் ஒன்று வந்திருக்கிறது. எந்தச் சான்று எத்தனை நாளில் என்று ஆபீஸ் சுவரில் பலகை மாட்டியிருக்கும், நாள் தாண்டினால் மேல்முறையீடு செய்யலாம். பலகையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுப்பதைப் பார்த்தாலே சில சமயம் வேகம் கூடும்.

சாதிச் சான்றில் உங்களுக்கு நல்ல செய்தி இல்லை. எட்டு மாதத்துக்கு முன் குடிவந்தவரின் மகளுக்குக் கேரளத்தில் இட ஒதுக்கீட்டுக்கான சான்று கிடைக்காது. பட்டியல் சாதியினர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை கூடவே வராது என்று 1990-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிற்பட்ட வகுப்புப் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாக இருப்பவர்களிடமே, 1950-க்கு முன் வந்ததற்குக் காகிதம் எங்கே என்று கேட்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்த தாத்தாவுக்கு யார் காகிதம் வைத்திருப்பார்கள்? உங்கள் மகள் விஷயம் அவ்வளவு கொடுமை இல்லை. தமிழ்நாட்டில் அவள் உரிமை அப்படியே இருக்கிறது. பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ தமிழ்நாட்டுச் சான்றை வைத்தே சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம், பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். அந்த நிரந்தரச் சான்றை எங்கேயும் ஒப்படைத்துவிடாதீர்கள், கேட்டால் நகல் கொடுங்கள்.

மீதி எல்லாம் சில்லறை வேலை. ரேஷன் கார்டுக்கு முதலில் பொள்ளாச்சியில் பெயரை நீக்கிய சான்று வாங்கி வாருங்கள், பிறகு தாலுகா சப்ளை ஆபீஸ். இங்கே கார்டு மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நிறத்தால் பேசப்படும். உங்களுக்கு வெள்ளை, அதாவது முன்னுரிமை இல்லாத கார்டு, கிடைத்தால் கோபப்பட வேண்டாம், பெரும்பாலோருக்கு அதில்தான் ஆரம்பம். வாக்காளர் பட்டியலுக்கு எட்டாம் எண் படிவம். டி.என்.41 வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் கே.எல்.70-க்கு மாற்ற வேண்டும், அதற்குப் பொள்ளாச்சியிலிருந்து தடையில்லாச் சான்று. உங்களுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

நாளைக்கே செய்ய வேண்டியது பத்திரத்தில் அந்த ஒரு சொல்லைப் பார்ப்பது. படிக்க வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் காட்டுங்கள், போதும். அப்புறம் வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு பற்றிய அந்த ஒரே கேள்வி. சனிக்கிழமையும் போகலாம், இரண்டாம் சனி மட்டும் கிடையாது. ஜனவரி நடுவில் போவதாக இருந்தால் தேதி பார்த்துப் போங்கள். தைப்பொங்கலுக்குக் கேரளத்தில் எல்லை ஓரத்து ஆறு மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், பாலக்காடும் அதில் ஒன்று. அன்றைக்குத் திண்ணையில் யாராவது "இந்நு அவதியாணு" என்று சொன்னால் பதறாமல் வீட்டுக்குப் போய்ப் பொங்கல் வையுங்கள்.